இரண்டு தலைக்குளியல்களுக்கு நடுவே

கோடை தொடங்கும் நாட்களில் சென்னையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறும்போது காதோரம் சுருண்டு, உச்சியில் பறந்து, எத்தனை முறை ஒதுக்கினாலும் அடங்காமல் நின்ற முடி, பிற்பகலில் பெங்களூரில் இறங்கும்போது தானாகப் படிந்திருக்கும். யாரும் அதைச் சீவவில்லை. ரயில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்கு வந்திருக்கிறது. வழியில் காற்று வறண்டது. முடி தன்னுள் வைத்திருந்த நீரில் ஒரு பங்கைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

முடி உயிரற்ற பொருள்தான். ஆனாலும் சுற்றியுள்ள காற்றோடு அதன் கொடுக்கல் வாங்கல் ஒரு கணமும் நிற்பதில்லை. முடிக்குள் கெராட்டின் என்னும் புரதச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு முக்கியமான பிணைப்புகள். கந்தக அணுக்கள் இணைந்த டைசல்பைடு பிணைப்பு உறுதியானது; தண்ணீரால் அதை அசைக்க முடியாது, அழகு நிலையத்து ரசாயனங்களால்தான் முடியும். மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியாக எடுத்தால் மிகவும் பலவீனமானது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். ஒரு நீர் மூலக்கூறு இடையில் புகுந்தாலே இது விட்டுவிடும். நீர் வெளியேறியதும் அந்த நேரத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி பற்றிக்கொள்ளும். குளிக்காத நாட்களில் நாம் முடியைப் படியவைப்பது, சுருட்டுவது, நிமிர்த்துவது எல்லாமே இந்தப் பலவீனமான பிணைப்பை வைத்துத்தான் நடக்கிறது.

நன்றாக நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத நீரை உறிஞ்சும். அப்போது தடிமன் சுமார் 15 சதவீதம் கூடும். நீளமோ 2 சதவீத அளவே கூடும். இந்த 2 சதவீதத்தைக் கொண்டு ஒரு கருவியே செய்தார் ஜெனீவாவின் ஒராஸ் பெனெடிக்ட் த சோசூர். ஒற்றை மனித முடி நீள்வதையும் சுருங்குவதையும் ஒரு முள்ளால் காட்டி, காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் முறையை 1783-ல் வெளியான நூலில் அவர் விளக்கினார். இருபதாம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் முடி ஈரமானிகள் வேலை செய்தன. கருவியில் பொருத்துவதற்கு முன் சோசூர் முடியைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினார் என்பதுதான் நமக்கு முக்கியம். பிசுக்கு இருந்தால் காற்றின் ஈரத்துக்கு முடி உடனே அசைந்து கொடுக்காது. நம் வீடுகளில் அதே உண்மையை எதிர்த்திசையில் பயன்படுத்தினார்கள். முடி காற்றுக்குத் தகுந்தபடி ஆடக்கூடாது என்பதற்காகவே அதில் எண்ணெய் தடவினார்கள்.

தலைமுடிப் பராமரிப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, தலைத்தோலையும் முடியையும் ஒரே பொருளாக நினைப்பதால் வருபவை என்பது என் உறுதியான எண்ணம். தோல் உயிருள்ளது. அதற்கு வியர்வை உண்டு, எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு, அவற்றை நம்பி வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. முடி வெளியே வந்த கணத்திலிருந்து அதற்கு எதுவும் புதிதாகக் கிடைப்பதில்லை. உள்ளதைத் தேயாமல் காப்பது ஒன்றே வழி. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில், 70 செ.மீ. நீளமுள்ள பின்னலின் நுனி கிட்டத்தட்ட ஆறு ஆண்டு பழையது. ஆறு ஆண்டு வெயிலையும் சீப்பையும் ஷாம்பூவையும் கண்ட நுனியையும், சென்ற வாரம் வெளியே வந்த அடிமுடியையும் ஒரே மாதிரி தேய்த்துக் கழுவுவதில் அர்த்தமில்லை.

முடியின் மேற்புறம் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. செதிலின் விளிம்பு நுனியை நோக்கியிருக்கும். புத்தம்புது முடியில் இந்தச் செதில்கள்மேல் வேதிப் பிணைப்பால் ஒட்டிய மிக மெல்லிய கொழுப்பு உறை ஒன்று இருக்கும். அடிமுடி வழவழப்பாக இருப்பதும் தண்ணீர் அதில் எளிதில் புகாததும் அந்த உறையால்தான். கழுவிக் கழுவி, உரசி உரசி, நுனிக்கு வருவதற்குள் அது போய்விடுகிறது. சுரப்பிகள் தரும் எண்ணெய் அந்த இழப்பை ஈடுசெய்யுமா என்றால், நேரான முடியில் ஓரளவு வழிந்து இறங்கும்; சுருட்டை முடியில் பாதி தூரம்கூடப் போகாது. உச்சியில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் இருப்பது இதனால்தான்.

உச்சியில் தேங்கும் எண்ணெயை உண்டு வாழ்வது மலசீசியா என்ற ஈஸ்ட். ஏறக்குறைய எல்லார் தலையிலும் இது உண்டு. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்கத் தெரியாததால் நம் எண்ணெயை உடைத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சமாக விடும் ஒலியிக் அமிலம் போன்றவை சிலரின் தோலை உறுத்தும். தோல் அவசரமாகச் செதில்களை உதிர்க்கும். அதுதான் பொடுகு. பொடுகை வறட்சி என்று எண்ணி எண்ணெய் தேய்த்து ஊறவைப்பது இந்த உயிருக்கு மேலும் தீனி போடுவதாகும். பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை நுனிப் பாதியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பது? பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி; ஆண்களுக்குப் புதன், சனி என்று வாரம் இரண்டு நாள் நம் வழக்கம். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆசிய மக்களிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வாரம் ஐந்தாறு முறை கழுவியவர்களே தங்கள் தலையையும் முடியையும் பற்றி அதிகத் திருப்தியோடு இருந்ததாகக் கூறியது. ஷாம்பூ விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அடிக்கடி கழுவினால் தலைத்தோல் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு என்பதையும் அது காட்டுகிறது. அரிப்பும் நாற்றமும் பொடுகும் இல்லாத வரை இடைவெளி நீளலாம். அவை வந்துவிட்டால் நாள் பார்க்காமல் கழுவிவிட வேண்டும்.

பெங்களூரில் இந்த முடிவை எடுப்பதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. பெரிய ஆறு எதுவும் ஓடாத மேட்டில் வளர்ந்த நகரம் இது. 1890-களில் ஹெசரகட்டா ஏரி, 1933-ல் அர்க்காவதி ஆற்றின் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம், 1974 முதல் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றப்படும் காவிரி என்று தண்ணீரைத் தேடித்தேடிப் போன வரலாறு இதனுடையது. 2024 மார்ச்சில் நகரம் தவித்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. புறநகரில் புதிதாகச் சேர்ந்த 110 கிராமப் பகுதிகளை நினைத்துத் தீட்டப்பட்ட திட்டம் அது. அதற்கு முன்பும், பல அடுக்குமாடிகளில் அதற்குப் பின்பும், சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியில் விழுவது போர்வெல் நீரும் டேங்கர் நீரும்தான்.

அந்தப் போர்வெல் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை பெங்களூரின் லால்பாக் பூங்காவில் உள்ள பாறைமேல் ஏறி நின்றால் உணரலாம். சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள அந்த நைஸ் பாறைதான் நகரத்தின் அடித்தளம். அதன் விரிசல்களில் நெடுங்காலம் தங்கிய நீர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உப்புத் தண்ணீர் என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கடின நீரைத்தான்.

கடின நீருக்கு ஒத்துவராதது சோப்பு. மைசூர் அரசு 1916-ல் பெங்களூரில் சோப்புத் தொழிற்சாலை தொடங்கியது. அதை வளர்த்தெடுத்த வேதியியலாளர் எஸ்.ஜி. சாஸ்திரி 'சோப்பு சாஸ்திரி' என்றே பெயர் பெற்றார். சந்தன சோப்பின் மணத்தை நான் மிக விரும்புகிறேன். ஆனால் எந்தக் குளியல் சோப்பையும் தலையில் போடாதீர்கள் என்றே சொல்வேன். சோப்பின் கொழுப்பு அமிலம் கடின நீரின் கால்சியத்தோடு சேர்ந்தால் நீரில் கரையாத பிசுபிசுப்பான வெள்ளைப் படிவாகும். வாளியின் விளிம்பில் ஒட்டுவதும் அதுவே, முடியில் ஒட்டுவதும் அதுவே. கழுவிய மறுநாளே முடி கனத்து, மங்கி, சீப்பில் சிக்கும். சீயக்காய், பூந்திக்கொட்டை இவற்றில் நுரை தருவது சப்போனின். கால்சியத்தோடு சேர்ந்து அது படிவாவதில்லை. ஷாம்பூவில் உள்ள செயற்கை நுரைப்பொருள்களும் அப்படித்தான். கிணற்று நீரை நம்பியிருந்த ஊர்களில் தலைக்குச் சீயக்காய், உடம்புக்குச் சோப்பு என்று பிரித்துவைத்திருந்ததற்கு நல்ல வேதியியல் காரணம் இருக்கிறது.

கடின நீர் முடியின் பலத்தைக் கெடுக்கிறதா என்று கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் சோதித்தார்கள். 2013-ல் வெளியான அவர்களது ஆய்வில், கடின நீரில் நனைத்த முடிக்கும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த முடிக்கும் இழுவைத் தாங்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்னர் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது கடின நீர்பட்ட முடியில் தாதுப் படிவும் கரடுமுரடான மேற்பரப்பும் தெரிந்தன. பாகிஸ்தானில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வோ பலமும் குறைகிறது என்றது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், மேற்பரப்பு கெடுகிறது என்பதை நம்பலாம். முடி வலுவிழக்கிறது என்பது இன்னும் விவாத நிலையில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கழுவலும் கொஞ்சம் தாதுவை விட்டுச்செல்கிறது என்றால், உப்புத் தண்ணீர் வீட்டில் கழுவல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில் நியாயம் உண்டு. கடைசி இரண்டு குவளையை மட்டும் காவிரி நீராலோ வடிகட்டிய நீராலோ ஊற்றிக்கொண்டால் கணிசமாக மாற்றம் தெரியும். அந்தக் குவளையில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் படிவு ஓரளவு கரையும். ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் நீரைப் பிடித்துவைத்துப் பயன்படுத்தும் நல்ல பழக்கம் பெங்களூர் வீடுகளில் பரவியிருக்கிறது. தரை துடைக்க அது போதும், தலைக்கு ஆகாது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் செறிந்திருப்பது அதில்தான்.

இனி குளிக்காத நாட்கள். முதல் நாள் முடி வழுக்கும். கொண்டை நிற்காது, கிளிப் நழுவும். இரண்டாம் நாள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இழைகளை ஒன்றோடொன்று இணக்கமாக்கும். பின்னலோ கொண்டையோ அன்றுதான் அழகாக அமையும். கல்யாணத்துக்கு முந்தைய நாளே தலைக்குக் குளிக்கச் சொல்லும் அலங்காரக்காரர்களின் அனுபவம் இதோடு பொருந்துகிறது. பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் முழம்போட்டு வாங்கும் மல்லிகையின் மணமும் இந்தப் படலத்தில்தான் தங்குகிறது. அந்த மண மூலக்கூறுகள் எண்ணெயில் எளிதில் கரைபவை. தாளிப்பின் வாசனையும் சாலைப் புகையும் அதே வழியில்தான் ஒட்டிக்கொள்கின்றன. சமைக்கும்போது தலையில் துணி கட்டிக்கொண்டால் ஒரு நாள் கழுவலைத் தள்ளிப்போடலாம்.

தூங்கி எழுந்ததும் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் நிமிர்ந்திருக்கும் முடிக்கு முழுக்குளியல் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் விரலால் ஈரப்படுத்தி, வேண்டிய வடிவில் பிடித்து, முழுக்க உலரும் வரை கலைக்காமல் விட்டால் போதும். உலர்வதற்கு முன் கையை எடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. ஹைட்ரஜன் பிணைப்புகள் இன்னும் பற்றாத நேரம் அது. இரவில் லேசான ஈரத்தோடு தளர்வாகப் பின்னி, காலையில் அவிழ்த்தால் அலை நிற்கும். அந்த அலை வறண்ட பெங்களூரில் மாலை வரை இருக்கும், சென்னையில் மதியத்துக்குள் கலைந்துவிடும். ஆனால் சொட்டச் சொட்ட நனைந்த முடியை இறுக்கிக் கட்டக்கூடாது. நனைந்த முடி எளிதில் நீளும், எளிதில் அறும். உள்ளே சிக்கிய ஈரத்தில் தலைத்தோலும் அவியும்.

ஹெல்மெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2016 ஜனவரியிலிருந்து கர்நாடகத்தில் பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்று நகரும் நேரத்தில் ஹெல்மெட்டுக்குள் வெப்பம் இருக்கிறது, வியர்வையின் ஈரம் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. முடிக்குப் புதிய வடிவம் கொடுக்க இந்த மூன்றும் போதும். அலுவலகம் சேர்ந்து கழற்றியதும் காற்றில் ஈரம் போக, நசுங்கிய வடிவம் அப்படியே பதிந்துவிடுகிறது. ஆகவே முடியைச் சரிசெய்ய வேண்டிய நேரம் கழற்றிய முதல் சில நிமிடங்கள்தான். தலையைக் குனிந்து, வேர்ப்பகுதியை விரல்களால் தூக்கிவிட்டு, அப்படியே உலரவிடுங்கள். சீப்பை எடுத்து அழுத்திச் சீவினால் நசுங்கிய வடிவமே உறுதியாகும். உயரக் கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, அது உயிருக்கே ஆபத்து. கழுத்தருகே தளர்ந்த பின்னல் போடுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டுங்கள், அதைத் தினமும் துவையுங்கள். நெற்றியோர முடியை நாள்தோறும் இறுக்கி இழுத்துக் கட்டினால் அங்கே வழுக்கை விழும்; ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வேர்கள் மீள்வதும் இல்லை.

பிசுக்கு மிகுந்து, கழுவவும் நேரமில்லாத நாளுக்குக் கடைகளில் உலர் ஷாம்பூ என்றொரு தெளிப்பான் விற்கிறது. பெரும்பாலும் அதிலிருப்பது மாவுச்சத்து. நுண்ணிய மணிகள் தம் மேற்பரப்பில் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சீவித் தட்டினால் சேர்ந்து உதிரும். 2022 அக்டோபரில் யூனிலீவர் நிறுவனம் அமெரிக்காவில் தன் உலர் ஷாம்பூக்கள் சிலவற்றைத் திரும்பப் பெற்றது. புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கலந்திருக்கலாம் என்பது காரணம். ஐயம் விழுந்தது மாவின் மீதல்ல, அதைப் பீய்ச்சும் வாயுவின் மீது. சோளமாவு ஒரு சிட்டிகையை விரல்நுனியால் வகிட்டோரம் தொட்டுவைத்து, பத்து நிமிடம் கழித்துச் சீவினாலும் அதே வேலை நடக்கும். கறுத்த முடியில் வெள்ளை தெரியாமலிருக்க அளவு மிகக் குறைவாக இருக்கட்டும். இது அழுக்கை எடுப்பதில்லை, மறைக்கிறது. ஒரு நாளுக்கு மேல் இதை நம்பியிருக்கக் கூடாது.

நுனிக்கு வேண்டியது நேர்மாறு. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலக் கொழுப்பு, நேரான சிறிய மூலக்கூறு என்பதால் முடிக்குள்ளே புகுகிறது. கனிம எண்ணெய் மேலேயே நிற்கிறது. மும்பையின் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்த ரேலே, மொஹிலே இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கழுவும்போது முடியிலிருந்து கரைந்து போகும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் குறைக்கவில்லை. இதுவும் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுதான். ஆனால் உள்ளே புகுவதை வேறு கருவிகளாலும் பார்த்திருக்கிறார்கள், அதனால் நான் ஏற்கிறேன். குளிப்பதற்கு முந்தைய இரவு நுனிப் பாதியில் தடவுவது பெரிய பலன் தரும். இடைப்பட்ட நாட்களில் உள்ளங்கையில் இரண்டு துளி தேய்த்து நுனியை மட்டும் தொட்டால் போதும். மார்ச் மாத வறட்சியில் சீப்பைத் தூக்கும்போது முடியும் கூடவே எழும்பி நிற்கிறதே, அந்த மின்னேற்றத்தையும் இந்த இரண்டு துளி அடக்கும்.

பருத்தித் தலையணையில் இரவெல்லாம் உரசும் முடி காலையில் சிக்காகிக் கிடக்கும். பழைய பட்டுச் சேலையில் ஓர் உறை தைத்துக்கொண்டால் உரசல் குறையும். சீவுவதை எப்போதும் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போக வேண்டும். ஓர் உதிர்ந்த முடியை இரு விரல்களுக்கிடையே நீளவாக்கில் உருட்டித் தேய்த்துப் பாருங்கள். அது ஒரே திசையில், வேர்ப்பக்கமாக, நகர்ந்துபோகும். செதில்கள் எதிர்த்திசையில் வழிவிடுவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

சீப்பில் வரும் முடியைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு நூறு முடி வரை உதிர்வது இயல்பு. மூன்று நாள் கழித்துத் தலைக்குக் குளிப்பவரின் கையில், பின்னலுக்குள்ளே சிக்கிக் கிடந்த மூன்று நாள் முடியும் ஒன்றாக வரும். உதிர்வு கூடியதாக அதற்குப் பொருளில்லை. பெங்களூருக்கு வேலைக்கு வந்த இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, தண்ணீர்தான் காரணம் என்று சொல்லாதவர் குறைவு. காய்ச்சல், மன அழுத்தம், தூக்கக் குறைவு, சட்டென்று மாறிய சாப்பாடு இவற்றால் ஓய்வுநிலைக்குப் போகும் முடிகள், சரியாக இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். ஊர் மாறிய நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால் கணக்குப் பொருந்தும். குழாய் நீரில் உள்ள தாது மேற்பரப்பைக் கெடுக்குமே தவிர, வேரோடு உதிரவைப்பதாகத் திடமான சான்று இல்லை. இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நிற்கும். நிற்காவிட்டாலோ வகிடு அகலமானாலோ தோல் மருத்துவரிடம் போய், இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது, குளியலறைக் குழாயில் நானூறு ரூபாய் வடிகட்டி மாட்டுவதைவிடப் பயனுள்ள செலவு.